நாலாம் எண் வண்டி

கப்பலூர் நூற்பாலை, இரவு ஷிப்ட்.
பதினோரு வண்டிகள், ஓட்ட ஆளில்லை.
தரையோடு தரையாகத் தவழ்ந்து
ஸ்பின்னிங்கிலிருந்து பேக்கிங்குக்குக்
கோன் அடுக்கைச் சுமந்து போகும்.
திருப்பம் வந்தால் ஒரு பெண்குரல்:
"தயவுசெய்து வழி விடவும்."
எந்த ஊர்க்காரியோ, ழகரம் அத்தனை சுத்தம்.
"வந்துட்டா மகராசி" என்று
காலை இழுத்துக்கொள்வார்கள் பேக்கிங்கில்.

என் வேலை அவற்றின் கண்ணைத் துடைப்பது.
கண்துடைப்பு வேலை என்று சிரிப்பான்
எலக்ட்ரீஷியன் மொக்கராசு.
சிரிக்கட்டும்.
சக்கரத்தில் சுற்றிய நூலை பிளேடால் அறுப்பதும்
சார்ஜ் ஏறும் செப்புத் தகட்டின் கறுப்பை
உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும்
பம்பரை முழங்காலால் இடித்து
நிற்கிறதா என்று பார்ப்பதும்கூட நான்தான்.
ஆனால் கண்தான் முக்கியம்.
நெற்றியில் சுழலும் லேசர்க் கண்.
பூனை மீசை கனத்தில் ஓர் இழை பஞ்சு படிந்தால் போதும்,
அதற்கு அது சுவர்.

நாலாம் எண் மட்டும்
தினமும் மூன்றேகால் சுமாருக்கு
ஏழாவது தூணருகே நின்றுவிடும்.
என் போன் கிர்ரென்னும்: முன்னால் தடை.
முன்னால் ஒன்றுமே இருக்காது,
பெருக்கிவிட்ட தரையைத் தவிர.

சக்கரம் மாற்றினேன்.
வண்டியை ஆலை முழுக்க மெல்ல நடத்தி
வரைபடத்தைப் புதிதாக எடுத்தேன்.
ஈரப்பதக் குழாய் மேல் பழி போட்டேன்,
மொக்கராசு இரண்டு நாள் பேசவில்லை.

பத்தாம் இரவு,
துடைத்த துணியை உதறாமல் விரித்துப் பார்த்தேன்.
சாம்பல் நிறத் தூசிக்கு நடுவே
சுண்டுவிரல் நகம் நீளத்தில் ஒரு வெள்ளை,
உருட்டி முறுக்கியது,
நுனியில் எச்சில் ஈரம் காயாதது.

காற்று பஞ்சைப் பறக்கடிக்கும்.
காற்று திரி திரிக்காது.

நிமிர்ந்தேன்.
கவிழ்த்த கிரேட்டில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிக் கெண்டைக்காலைப்
பிசைந்துகொண்டிருந்தாள் ஒச்சம்மாள்,
செக்கானூரணி வேனில் வருகிறவள்.
தஸ்லிமா அரை பாட்டில் தண்ணீரை
ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.
இன்னொருத்தி, பெயர் தெரியாது, புதுசு,
தூணில் சாய்ந்து நின்றபடியே
கண்ணை மூடியிருந்தாள்.

வண்டி வந்தால் கோன் வரும்,
கோன் வந்தால் கை ஓடணும்.
மணிக்கு நாற்பது நடை என்று
அதற்குள் எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
தள்ளுவண்டி தள்ளின அந்தோணிக்கு
டீ வேணும், பீடி வேணும்,
மகள் கதையை நாலு பேரிடம் சொல்லணும்.
இதற்கு எதுவும் வேண்டாம்.

ஒச்சம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.
"என்னத்தா, அதுக்குக் கண்ணுல தூசியா?"

"தூசிதான்" என்றேன்.

சார்ஜிங் இடத்திலிருந்து ஏழாவது தூணுக்குத்
தொண்ணூறு தப்படி.
முன்பெல்லாம் ஓடுவேன்.
இப்போது நடக்கிறேன்,
வழியில் இரண்டாம் எண்ணின் பம்பரையும்
ஒரு இடி இடித்துப் பார்த்துவிட்டு.
பதிவேட்டில் எழுதுவது:
பஞ்சு. துடைக்கப்பட்டது.
இதில் எது பொய்?

மாதக் கடைசியில் பூனேக்காரர் ஒருவர்
திரையில் வந்தார்.
வரைபடத்தில் ஏழாவது தூணைச் சுற்றி
அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள்.
"அங்கே மட்டும் ஏன்?"
"அங்கிட்டுக் காத்து அப்படி, சார்"
என்று தமிழில் சொல்லிவிட்டுப்
பிறகு இங்கிலீஷிலும் சொன்னேன்.
குறித்துக்கொண்டார்.
கண்ணுக்கு மேல் மாட்ட ஒரு மூடி அனுப்புவதாகச் சொன்னார்.

வந்துவிட்டது. மேசை மேல் இருக்கிறது.
நல்ல மூடி, கறுப்பு நிறம்,
அந்த வண்டிக்கென்றே செய்த அளவு.
பொருத்த நாலு திருகாணி.
மூன்று இருக்கிறது.

நாலாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.